தம்பியின் முழங்கையும் என் கையுறையும்

தம்பியின் வலது முழங்கைக்குள் இருந்த தசைநார் ஒரு ஆட்டத்தின் நடுவில் அறுந்தது. பந்தை எறிந்த வேகத்தில் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டான். "டப்புன்னு சத்தம் கேட்டுச்சுக்கா" என்றான். எனக்கும் கேட்டது. நான் நின்றிருந்ததோ வேலிக்கு வெளியே, கார் நிறுத்தும் இடத்தில், தெர்மாஸும் கையுமாக. அவ்வளவு தூரத்துக்கு அது கேட்டிருக்க வாய்ப்பே இல்லை என்று டாக்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஆக்லாந்தில் பேஸ்பால் ஆடுகிறவன் என்றாலே யாருக்கும் புரியாது. அதிலும் அவன் ரிலீஃப் பிட்சர். முதலில் எறிகிறவன் களைத்துப்போய், ஆட்டம் கைநழுவப் பார்க்கும் நேரத்தில் உள்ளே இறக்கப்படுகிறவன். அந்தக் கொஞ்ச நேரத்தில் குறி தப்பினால் திருத்திக்கொள்ள அவகாசம் கிடையாது. இதைச் சொந்தக்காரர்களுக்கு விளக்கி விளக்கி என் வாய் வலித்ததுதான் மிச்சம். "பேசாம கிரிக்கெட்டே ஆடியிருக்கலாம்லா" என்று அம்மா மலேசியாவின் கிள்ளானிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் போனில் சொல்வார்.

இடது மணிக்கட்டிலிருந்து ஒரு தசைநாரை எடுத்து வலது முழங்கையில் வைத்துத் தைத்தார்கள். அவன் மறுபடியும் முழு வேகத்தில் எறிய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அப்போது அவனுக்கு இருபத்தொன்பது வயது. ஆல்பனிப் பக்கத்து கிளப் ஒன்று வசந்தத்தில் வந்து எறிந்து காட்டச் சொன்னது. எடுபட்டால் கோடை முழுக்க ஆடலாம். இல்லாவிட்டால் அவன் வேலை பார்க்கும் மனுகாவ் ஆபீஸ் நாற்காலியோடு எல்லாம் முடிந்தது. இன்னொரு இடத்தில் கேட்கிற வயது இல்லை என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பள்ளியில் சாப்ட்பால் என்ற அதே மாதிரி ஆட்டத்தில் நான்தான் கேட்சர், எறிகிற பந்தைக் குந்தியிருந்து பிடிக்கிறவள். அதனால் சனிக்கிழமை காலைகளில் மனுரேவாவில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள புல்வெளியில் அவன் எறிவான், நான் பிடிப்பேன். குளிர்கால மூடுபனி முட்டிவரை கிடக்கும். சில நாள் தலைவரை ஏறி அவன் முகமே தெரியாது. கை மேலே போவது மட்டும் கருப்பாகத் தெரியும். அதற்குள் பந்து என் கையுறைக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். நெஞ்சுக்கு நேரே கையுறையை வைத்தால் நெஞ்சுக்கு நேரேதான் வந்தது. அடிபடுவதற்கு முன்னால்கூட அவன் இப்படி எறிந்ததில்லை.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குப் பயமாக இருந்தது.

"பந்து கையை விட்டுப் போறதே தெரியலக்கா. ரெண்டு விரல் மரத்துப் போயிருக்கு" என்று ஒருநாள் சொன்னான். "ஆனா எங்க போகுதுன்னு பாரேன்." கண்ணை மூடிக்கொண்டு எறியப்போவதாகச் சொல்லிவிட்டு எறிந்தான். அதுவும் கையுறைக்குள் வந்து விழுந்தது.

"கண்ணத் திறந்து எறிடா, மடையா!" என்று கத்தினேன்.

"திறந்தா என்ன, மூடினா என்ன. அதுபாட்டுக்குப் போகுதுலா" என்றான். அவன் சிரித்தானா என்று பனியில் தெரியவில்லை. பக்கத்துத் தெருக்காரரின் நாய் வழக்கமாக எங்கள் இருவருக்கும் குறுக்கே ஓடும். அன்று நடுவழியில் நின்று, என் பக்கம் பார்த்து உறுமிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

அந்த வாரங்களில் எனக்கு இன்னொன்றும் நடந்தது. வேலைக்குப் போகும் ரயிலில் உட்கார்ந்திருக்கும்போது மடியில் கிடக்கும் இடது கை, கையுறை மாட்டுகிற கை, தானாக எழும். ஒருமுறை வெடுக்கென்று பக்கவாட்டில் போனது. பக்கத்து இருக்கைப் பெண் எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விட்டாள். தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். தம்பியிடம் சொல்லவில்லை.

ஆல்பனிக்கு நான் போகவில்லை, லீவு கிடைக்கவில்லை. சாயங்காலம் அவன் வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தான். "ஒண்ணும் சரியாப் போகலக்கா. அவங்க கேட்சர் அங்கயும் இங்கயும் பாஞ்சான். ஒரு பந்து அடிக்க நின்னவர் தலையை உரசிட்டுப் போச்சு." கோச் நல்ல மனிதர் போலிருக்கிறது. பதற்றமாக இருக்கலாம், வழக்கமாக எறியும் இடத்தில் இருபது பந்து எறிந்து வீடியோ அனுப்பு என்று சொல்லியிருந்தார். அதுதான் கடைசி வாய்ப்பு. நான் அந்தக் கேட்சரைத்தான் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை எனக்குப் பின்னாலிருந்த கம்பி வேலியில் போனைச் சொருகி வைத்தான். இருபது பந்து எறிந்தான். இருபதும் கையுறைக்குள். வேலியோரம் நிறுத்தியிருந்த காருக்குள் உட்கார்ந்து, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு வீடியோவைப் பார்த்தோம்.

திரையில் என் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஒருத்தி முதுகைக் காட்டிக் குந்தியிருந்தாள். தம்பியின் கை அவன் தலைக்குப் பின்னால்தான் இருந்தது. பந்து இன்னும் விரலை விட்டு விடுபடவில்லை. அதற்குள் அவளுடைய கையுறை இடதுபக்கம் கீழே போய்விட்டது. பந்து நேராக அங்கே போனது. உடனே கையுறை நெஞ்சுக்குத் திரும்பியது. இரண்டாவது பந்துக்கு வலதுபக்கம், தோளுக்கு மேலே. அப்படியே இருபது தடவை.

பிடித்த பந்தைச் சத்தமில்லாமல் நடுவுக்கு இழுத்துக்கொள்வது கேட்சர்களின் பழைய தில்லுமுல்லு. ஓரத்தில் வந்த பந்தை நல்ல பந்து என்று நடுவரை நம்பவைப்பதற்காகச் செய்வது. பள்ளியில் அதை அடித்துப் பழக்கினார்கள். பழகிய கைக்கு அது தெரியாமலே நடக்கும். அந்தக் கையால் நான் ஏமாற்றிக்கொண்டிருந்தது என் தம்பியை. என்னையும்தான். ஆனால் அவன் எறிவதற்கு முன்பே பந்து எங்கே போகும் என்று அந்தக் கைக்கு எப்படித் தெரிந்தது? கையை அசைத்ததாகவே எனக்கு ஞாபகம் இல்லை.

"அனுப்பிடுடா. யாரு இவ்வளவு உத்துப் பாக்கப் போறா" என்றேன். அதைச் சொன்னதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

அவன் காரை விட்டு இறங்கினான். என் கையிலிருந்து கையுறையைக் கழற்றி, வேலிக் கம்பியில் நெஞ்சு உயரத்துக்குச் செருகினான். "நீ தள்ளி நில்லுக்கா" என்றான்.

இடது கையை ஜாக்கெட் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். அவன் கையை ஓங்கும்போதெல்லாம் பாக்கெட்டுக்குள் என் கை துள்ளியது. அது மேலே துள்ளினால் பந்து வேலியின் மேல்கம்பியில் அறைந்தது. கீழே துள்ளினால் புல்லில் குத்தியது. ஒருமுறைகூட என் கைக்குத் தவறவில்லை. தவற வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வேண்டினேன்.

இருபதில் இரண்டு கையுறையில் பட்டன.

அவன் மெதுவாக நடந்து வந்தான். போனை எடுத்து வீடியோவை அழித்தான். கோச்சுக்கு ஒரு வரி எழுதினான். என்ன எழுதினான் என்று நான் கேட்கவில்லை. பிறகு துள்ளிக்கொண்டிருந்த என் பாக்கெட்டைப் பார்த்தான்.

"ரெண்டுதான்க்கா நான் எறிஞ்சது. இவ்வளவு நாளா மத்ததெல்லாம் நீதான் எறிஞ்சிருக்க" என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகவாவது சொல்லியிருக்கலாம்.