அப்பா என்னை விட்டுவிட்டுப் போன பாறை

என் அப்பா மற்றவர்களை மீன் பிடிக்கக் கூட்டிப்போவதைத் தொழிலாக வைத்திருந்தார் என்று சொன்னால் என் அலுவலகத்தில் யாரும் நம்புவதில்லை. மீன் பிடித்து விற்றார் என்றால் நம்புவார்கள். ஆனால் வருகிறவர்கள் பிடித்த மீனை மடியில் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு, தடவிக்கொடுத்து, மறுபடியும் ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள், அதற்காக மூன்று நாள் லீவு போட்டுவிட்டு வருவார்கள் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். அம்மாவும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஆற்றில் தண்ணீர் குறைவாக இருக்கும் மாதங்களில் மட்டும்.

குமணன்சாவடியில் அப்பாவுக்குத் தூண்டில் சாமான் விற்கும் சின்னக் கடை இருந்தது. முதலில் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போகிறவர்கள்தான் முள்ளும் தங்கூஸ் நரம்பும் வாங்க வருவார்கள். பிறகு சுற்றிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழும்பின. கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற அண்ணன்கள், சக்கரம் வைத்த விலையுயர்ந்த தூண்டில்களைக் கேட்டு வர ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு ஏரி போதவில்லை. ஆறு வேண்டும், மலை வேண்டும், போன் அடிக்காத இடம் வேண்டும். அப்பா அவர்களைக் காவிரிக்குக் கூட்டிப்போனார். ஒகேனக்கல்லுக்குக் கீழே, இரண்டு பக்கமும் மலைச்சுவர் எழும்பி நிற்க நடுவில் ஆறு மேட்டூர்ப் பக்கம் ஓடும். அந்த வழியில் மூன்று நாள் பரிசல் பயணம், இரவில் மணலில் கூடாரம். போன் அடிக்காத இடம் என்பது அவர்களுக்கு எவ்வளவு பிடித்ததோ, அம்மாவுக்கு அவ்வளவு பிடிக்காது. அந்த மூன்று நாளும் ஒரு கையில் போனும் இன்னொரு கையில் ஜெபமாலையுமாக நடந்துகொண்டிருப்பாள்.

நான் நான்காம் வகுப்புப் படித்த வருஷம், சுதந்திர தினத்தோடு சனி ஞாயிறு சேர்ந்து வந்தது. கர்நாடகாவில் மழை என்று டிவியில் கீழே எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. அம்மா உட்காராமல் நின்றபடியே அதைப் படித்தாள்.

"அங்க மழ பேஞ்சா ஒடனே இங்க தண்ணி வந்துடுமா? நடுவுல அணை கீது. தொறக்கறதுக்கு முன்னாடி சொல்வாங்க" என்றார் அப்பா.

"சொல்றது உங்களுக்கு எப்படிக் கேக்கும்? அங்கதான் டவரே கெடையாதே."

அப்பா கூடாரத் துணியை மடிக்க ஆரம்பித்தார். வருவதாகச் சொன்ன இரண்டு பேருக்கும் வேறு லீவு கிடையாது. அம்மா டிவியை அணைத்தாள். பிறகு, "அப்படின்னா பாப்பாவையும் கூட்டினு போங்க" என்றாள்.

அப்பா சந்தோஷமாகவே சரி என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனையோ முறை கேட்டும் கிடைக்காத அனுமதி. மறுநாள் தலை பின்னிவிடும்போதுதான் அம்மா காரணத்தைச் சொன்னாள். அப்பா கடையில் இருந்தார். ஆனாலும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அப்பா ஆழத்துக்குப் போனாருன்னா அழு. சும்மா இல்ல, நல்லா சத்தமா அழு. நீ அழுதா அவரு தாங்க மாட்டாரு. திரும்பி வந்துடுவாரு. புரியுதா?"

புரிந்தது. அந்த நிமிஷத்திலிருந்து என் சந்தோஷம் போய்விட்டது. ஊர் சுற்றிப் பார்க்கப் போகிற பெண்ணாக இருந்த நான், அப்பாவைக் காவல் காக்கப் போகிற பெண்ணாகிவிட்டேன்.

விடியும் முன்பே குமணன்சாவடி சந்திப்பில் வேன் வந்து நின்றது. உள்ளே இரண்டு பேர். ஒருவர் மதுரைக்காரர், ஓயாமல் பேசினார். இன்னொருவர் கோயம்புத்தூர்க்காரர், உயரமானவர், அப்பா அவரை மட்டும் சார் என்று கூப்பிட்டார். அவர் தூண்டிலை யாரும் தொடாதபடி முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டே வந்தார். ஆற்றங்கரையில் பரிசல்காரர் ஒருவரும், சமைக்கிற அக்கா ஒருத்தியும் எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். இரண்டு பரிசல். ஒன்றைப் பரிசல்காரர் தள்ளினார், இன்னொன்றை அப்பா.

மலைகள் நெருங்கி வந்த இடத்தில் ஆறு கறுத்துப்போயிருந்தது. மேலே அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு தெரு அகலத்துக்குத்தான் தெரிந்தது. மதுரை அண்ணன்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார். எல்லோரும் பாறையையும் குரங்கையும் பார்த்துக்கொண்டிருக்க, நான் அப்பாவின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முட்டி வரை நனைந்தால் பரவாயில்லை என்று எனக்குள்ளேயே ஒரு கணக்கு. மாலையில் சார் பிடித்த வாளை மீனைத் தண்ணீரில் விட அப்பா இடுப்பளவு இறங்கினார். உடனே அழுதேன். அப்பா மீனை அப்படியே நழுவவிட்டு ஓடி வந்தார். "இன்னாமா, பூச்சி எதனா கட்ச்சிதா?" என்று காலையெல்லாம் தடவிப் பார்த்தார். அம்மா சொன்னது சரிதான். அன்று இரவு கூடாரத்தில் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை சார் ஓர் ஆசையைச் சொன்னார். ஆற்றின் நடுவில் யானை படுத்தாற்போல் ஒரு பாறை இருந்தது. அதன் பின்புறம் பெரிய மீன் ஒதுங்கும், அங்கே இறக்கிவிட வேண்டும் என்றார். தண்ணீர் அமைதியாகத்தான் இருந்தது. அப்பா கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தார். மதுரை அண்ணன் பரிசல்காரரோடு இன்னொரு பரிசலில் வளைவைத் தாண்டிக் கீழே போய்விட்டார். மணலில் அப்பா, நான், இட்லி வேகவைத்துக்கொண்டிருந்த அக்கா. பாறைமேல் ஒற்றை ஆளாகச் சார்.

அப்பா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று மெல்லுவதை நிறுத்திவிட்டு ஆற்றையே பார்த்தார். நானும் பார்த்தேன். சுள்ளியும் சருகும் மிதந்து போயின, அவ்வளவுதான். தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியிருந்தது. அப்பா எழுந்து, விரல்களை வாயில் வைத்து விசிலடித்தார். ஆற்றின் இரைச்சலில் சாருக்குக் கேட்டிருக்காது. இரண்டு கையையும் ஆட்டினார். சார் திரும்பிப் பார்த்து, மீன் கடிக்கிறதா என்று கேட்பதாக நினைத்தாரோ என்னவோ, கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

அதற்குள் மணலில் வைத்திருந்த என் செருப்பு மிதக்க ஆரம்பித்துவிட்டது.

அப்பா என்னைத் தூக்கினார். எங்களுக்குப் பின்னால் மலைச்சுவரில், அவர் தலைக்கு மேல் உயரத்தில், மேடை மாதிரி ஒரு பாறை நீட்டிக்கொண்டிருந்தது. அக்காவை முதலில் ஏறச் சொல்லி, என்னை அவள் கையில் கொடுத்தார். நான் அவர் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிறகு என்னைப் பார்க்காமல் அக்காவிடம் சொன்னார்.

"பொழுது சாயறதுக்குள்ள நான் வரலன்னா, பரிசல்காரரு மேல்வழியா வருவாரு. அவரோட ஏறிப் போயிடுங்க. இவள நீயே பூந்தமல்லி பஸ்ல கூட்டினு போயி இவ அம்மாகிட்ட உட்டுடு. வேற யாரையும் அனுப்பாத."

அக்கா தலையை ஆட்டினாள்.

நான் அழுதேன். அம்மா சொன்ன மாதிரி, அதற்கு மேலும். தொண்டை கிழிகிற மாதிரி அப்பா, அப்பா என்று கத்தினேன். அவர் பரிசலைக் கரையோரமாகவே நீரோட்டத்துக்கு எதிராக இழுத்துக்கொண்டு போனார். தண்ணீர் இடுப்புக்கு வந்தது, பிறகு மார்புக்கு. ஒரு முறைகூடத் திரும்பவில்லை. நேற்று ஒரு சின்ன அழுகைக்கு ஓடி வந்த அதே அப்பா.

பிறகு பரிசலுக்குள் தாவி ஏறித் துடுப்பு வலித்தார். தண்ணீர் அவரைப் பக்கவாட்டில் அடித்துக்கொண்டு போயிற்று. பாறையில் சாரின் கணுக்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. அவர் இன்னும் தூண்டிலைப் பிடித்தபடியே நின்றார். பரிசல் பாறையில் மோதி நின்ற ஒரு கணத்தில் அப்பா என்னவோ கத்தினார். சார் தூண்டிலோடு அப்படியே பரிசலுக்குள் விழுந்தார். பரிசல் ஒரு சுற்றுச் சுற்றியது. இன்னொரு சுற்று. துடுப்பு அப்பாவின் கையில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. வளைவில் திரும்பி மறைந்துவிட்டார்கள்.

அப்புறம் எங்களுக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. கூடாரம் முதலில் போயிற்று, பிறகு அடுப்பு, பிறகு இட்லிப் பானை. அக்கா முந்தானையை அவிழ்த்து என் இடுப்பைச் சுற்றித் தன் இடுப்போடு முடிந்துகொண்டாள்.

"அழுவாத கண்ணு. உங்கப்பாவுக்குத் தண்ணி தெரியும்."

"எனக்குக்கூடத் தெரியும்" என்றேன் கோபமாக. எதற்கு அப்படிச் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை.

யானைப் பாறையின் முதுகு கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்து, ஒரு குடம் அளவுக்கு ஆகி, இல்லாமல் போனது. அக்கா அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. எங்கள் பாறைக்குக் கீழே தண்ணீர் வந்து நாய் நக்குவது போல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் நெருங்குகிறதா, விலகுகிறதா என்று கண்ணை மூடிக் கேட்டேன். எனக்குத் தெரிந்த ஜெபங்களையெல்லாம் சொன்னேன். நடுவில் அடுத்த வரி மறந்துபோய், திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தேன். மறந்ததற்காகவே ஏதாவது ஆகிவிடுமோ என்று வேறு பயம்.

பசித்தபோது அக்காவிடம் ஒரு டப்பாதான் இருந்தது. மீனுக்குப் போட உருட்டி வைத்த ராகிக்களி. மீன் தின்கிறதை நான் தின்ன மாட்டேன் என்றேன். அவள் ஓர் உருண்டையைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, "நல்லாத்தான் இருக்குது. அதான் மீனு ஏமாந்துபோவுது" என்றாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. நானும் தின்றேன்.

வெயில் எதிர்மலையின் உச்சிக்கு ஏறிவிட்ட நேரத்தில் மேலேயிருந்து சின்னக் கற்கள் உருண்டு விழுந்தன. ஆடு மேய்க்கிறவர்கள் போகும் தடத்தில் பரிசல்காரர் இறங்கி வந்தார். அவர் பின்னால் அப்பா. காலில் செருப்பில்லை, சட்டையில் ஒரு கையைக் காணோம், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்திருந்தது. அக்கா அவரைப் பார்த்ததும், அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அப்பா என் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"எதனா சாப்ட்டியாமா?"

நான் முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டேன். அப்பா என்னை முதுகில் ஏற்றிக்கொண்டு மேலே ஏறினார். நான் அவர் கழுத்தைப் பிடிக்க மாட்டேன் என்று கைகளை மார்போடு கட்டிக்கொண்டேன். அதனால் அவர் உரிந்த கையைப் பின்னால் வளைத்து என்னைத் தாங்கிக்கொண்டே ஏற வேண்டியிருந்தது.

ரோட்டில் வேன் நின்றது. மதுரை அண்ணன் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார். சார் துண்டைப் போர்த்திக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். என்னவோ சொல்ல வந்தார், வாய் கோணிக்கொண்டது, பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினார். நான் வாங்கவில்லை. எல்லாம் இவரால்தானே.

அதற்குப் பிறகு அப்பா யாரையும் ஆற்றுக்குக் கூட்டிப்போகவில்லை. கடையில் தூண்டில் தொங்கிய இடத்தில் கண்ணாடித் தொட்டிகளும் வண்ண மீன்களும் வந்தன. அதெல்லாம் பின்னால்.

மறுநாள் காலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா அம்மாவிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "தண்ணி கொஞ்சம் ஏறிச்சி. அதான் சீக்கிரமா வந்துட்டோம்." கையில் என்ன என்று கேட்டதற்கு, பாறையில் வழுக்கிவிட்டது என்றார். பிறகு துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

நான் அதற்காகத்தான் காத்திருந்தேன். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். நீ சொன்ன மாதிரியே அழுதேன், அப்பா கேட்கவே இல்லை, அந்தச் சாருக்காக என்னைப் பாறையில் விட்டுவிட்டுப் போய்விட்டார், அவர் வரமாட்டாராம், சமையல்கார அக்காவோடு என்னைப் பஸ்ஸில் அனுப்பிவிடச் சொன்னார்.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "என்ன சொன்னாரு? அவரு சொன்னத அப்படியே சொல்லு" என்றாள்.

ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். பொழுது சாய்வது, பரிசல்காரர், பூந்தமல்லி பஸ், வேறு யாரையும் அனுப்பாதே என்றது. அம்மாவின் முகம் மாறிக்கொண்டே வந்ததைப் பார்க்க எனக்குத் திருப்தியாக இருந்தது. அப்பாவுக்கு இன்றைக்கு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் எழுந்துபோய்க் குளியலறை வாசலில் நின்றாள். நானும் பின்னாலேயே போய் நின்றேன். தண்ணீர்ச் சத்தம் நிற்கும் வரை கதவில் கை வைத்தபடி நின்றிருந்தாள். கதவு திறந்தது. அப்பா அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அம்மா கையை ஓங்கினாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். ஓங்கிய கை அப்படியே இறங்கி அவர் தோளிலிருந்த துண்டை உருவியது. அவர் தலையைத் தன் பக்கம் சாய்த்து, எனக்குத் துவட்டுவதைப் போலவே துவட்ட ஆரம்பித்தாள். ரொம்ப நேரம் துவட்டினாள். தலை காய்ந்த பிறகும் விடவில்லை. அப்பா குனிந்தபடியே நின்றார்.

பாப்பாவை ஏன் விட்டுவிட்டுப் போனீர்கள் என்று எனக்காக ஒரு வார்த்தை கேட்பாள் என்று காத்துக்கொண்டு நின்றேன். கேட்கவே இல்லை. இரண்டு பேரும் ஒரே கட்சி என்று முடிவு செய்துகொண்டு, அன்று முழுக்க நான் அவர்களோடு பேசவில்லை.