வெல்ல மண்டி பாய் வளர்த்த எறும்புகள்

"வெல்லம் விற்றவர் எறும்பு வளர்க்கலாமா, பாய்?" என்று காதர் பாயிடம் ஒருமுறை கேட்டேன்.

"மண்டியில இருந்த வரைக்கும் தொரத்திக்கிட்டே இருந்தேனுங்க சார். மூஞ்சியக்கூடப் பார்த்ததில்ல. இப்பத்தான் ஊட்டுக்குக் கூப்பிட்டு உக்கார வெச்சுப் பார்க்கறேன்" என்றார்.

போன வாரம் அவர் மகன் கைப்பேசியில் அழைத்து, "அத்தா போயிட்டாருங்க சார்" என்றபோது முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பதில்தான்.

ராசிபுரத்தில் எங்கள் தெருக்காரர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். காலமெல்லாம் வெல்லம் விற்றும் ஒரு துண்டுகூட வாயில் போடாதவர். கடையை மகனிடம் விட்ட பிறகு, ஒரு மழை நாளில் வாசல் விளக்கடியில் இறக்கை உதிர்த்து நின்ற ராணிக் கட்டெறும்பைப் பிடித்தார். நான் உயிரியல் ஆசிரியராக இருந்தவன் என்பதால் யோசனை கேட்டு வந்தார். "கண்ணாடிக் குழாயின் அடியில் தண்ணீர், அதன்மேல் பஞ்சு, வாயிலும் பஞ்சு. இருட்டில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். பிரசவ அறைக் கதவை யாராவது அடிக்கடி திறந்து பார்ப்பார்களா?" என்றேன்.

அவர் தேர்ந்தெடுத்த இருட்டு, மனைவியின் பீரோ. கல்யாணத்துக்கு மட்டும் உடுத்தும் பட்டுப் புடவையின் மடிப்பு. உறவில் ஒரு கல்யாணம் வந்தது. அவர் மனைவி நூர்ஜஹான் அம்மா புடவையை உதற, ராணியும் முட்டைகளும் குட்டி வேலைக்கார எறும்புகளுமாகக் குழாய் கட்டிலில் உருண்டது. அன்றைய அலறலைத் தெருக்காரர்களான நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

"என் அடுப்படியில ஒரு எறும்பு கண்ணுல பட்டாலும் ராணி தெருவுக்குப் போயிரணும்" என்று அம்மா நிபந்தனை விதித்தார். பாய் எறும்புகளைக் கண்ணாடிப் பெட்டிக்கு மாற்றினார். வெளி எறும்புகள் ஏறி வந்து இவற்றைக் கொன்றுவிடாதிருக்க, மேசைக் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைத்தார். "எறும்பு ஏறாம இருக்கத் தண்ணி வெச்சு, நடுவுல எறும்பையே வெச்சிருக்கற மனுசன் இவரு ஒருத்தர்தான்" என்று அம்மா போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார்.

ஒருநாள் பாய் மூச்சிரைக்க ஓடி வந்தார். "சார், லென்ஸ் எடுத்துட்டு வாங்க. எம்மேல கேஸ் ஆகிப்போச்சு."

அவர் வீட்டு அடுப்படியில் சர்க்கரை டப்பாவில் எறும்பு. பார்த்தேன். "அம்மா, இவை சிவப்புச் சிற்றெறும்பு. பாயுடையவை கறுப்பு, பெரியவை."

"துணிக்குச் சாயம் போறப்ப எறும்புக்குப் போகாதா சார்?"

பெட்டியிலிருந்துதான் வந்தனவா என்று வரிசையைத் தொடர்ந்து பார்ப்போம் என்றேன். வரிசை சுவரோரமாகப் போய், அரிசி டிரம்முக்குப் பின்னால் நுழைந்தது. டிரம்மை நகர்த்தினேன். காகிதத்தில் சுற்றிய பாதி அச்சு வெல்லம். டாக்டர் இனிப்பே கூடாதென்று சொல்லியிருந்தது நூர்ஜஹான் அம்மாவுக்கு. அவர் முகம் வெளுத்தது.

"நான்தான் வெச்சேன்" என்றார் பாய்.

அம்மா ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. "ஏனுங்க, இந்த வயசுல திருட்டு வெல்லமா? கேட்டா நானே குடுத்திருக்க மாட்டனா?" என்று பிடித்துக்கொண்டார். பாய் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ராணியைத் தெருவுக்கு அனுப்பும் பேச்சை அதன்பின் அம்மா எடுக்கவே இல்லை.

நேற்று அம்மாவே அழைத்தார். "சார், அவரு கொசுவ பேட்டுல அடிச்சுப் போடுவாரே, எறும்புங்களுக்கு உசுரோட குடுக்கணுமா, செத்தது போதுமா?"

"செத்ததே போதும்மா. ஒரு சொட்டுத் தேன் தண்ணியும் வையுங்க."

"சரிங்க" என்றவர் தொடர்ந்தார். "நீங்க அவரப் பத்தி எழுதுனா அந்த வெல்லம் நான் வெச்சதுன்னே எழுதுங்க சார். அவரு மேல பழி நிக்க வேண்டாம்."

எழுதிவிட்டேன், அம்மா.

பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த முகம்: செய்யாத குற்றத்துக்குத் திட்டு வாங்கியபடி, சிரிப்பைத் தாடிக்குள் அடக்கிய முகம்.

அவரை அறிந்தவர்கள் இன்று மாலை வாசற்படியில் ஒரு சிட்டிகை சர்க்கரை வையுங்கள். முதல் எறும்பு போய் இரண்டாவதை அழைத்து வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.