கண்ணாடி ஏறாத கார்கள்

கார் ரிப்பேர் தொழிலில், எஞ்சின் கெட்டு வருகிறவர்கூட நிதானமாக வருவார். ஜன்னல் கண்ணாடி கெட்டு வருகிறவர்தான் அழாத குறையாக வருவார். எஞ்சின் நின்றால் வண்டி வீட்டில் நிற்கும், அதோடு தீர்ந்தது. கண்ணாடி நின்றால் வண்டி ஓடும். மழையில் ஓடும், தூசியில் ஓடும், பக்கத்தில் டேங்கர் லாரி நின்று முகத்திலேயே புகை விடும்போதும் ஓடும். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக் காரை வைத்துக்கொண்டு, பொத்தானை அமுக்கிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்து மனசுக்குள் வேண்டிக்கொள்கிறவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே கட்சி.

நான் மும்பை செம்பூரில் ஒரு சின்ன கராஜின் முன் மேஜையில் உட்காருகிறவள். பெயர் செல்வி, வீடு தாராவி. கராஜ் காசிம் பாயுடையது. ராமநாதபுரம் பக்கத்து மனுஷர். வயரிங் வேலையில் கெட்டிக்காரர், பேச்சில் கஞ்சர். அதனால் வருகிறவர்களிடம் பேசுவது என் பொறுப்பு. அவர்கள் சொல்வதில் வண்டியின் குறை எது, வீட்டின் குறை எது என்று பிரித்து, வண்டியின் குறையை மட்டும் பாயிடம் சொல்ல வேண்டும். லேசான வேலை என்று நினைத்துத்தான் சேர்ந்தேன்.

காருக்குள் குடை

இந்த வருஷம் முதல் பெரிய மழை கொட்டின காலையில் ஒரு வெள்ளி நிறக் கார் வாசலில் வந்து நின்றது. டிரைவர் பக்கக் கண்ணாடி முழுக்க இறங்கியிருந்தது. ஓட்டி வந்த மாமா ரிட்டையர் ஆகிச் சில வருஷம் ஆனவர். வலது பக்கச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. அவருக்கு நேர் பின் சீட்டில் மாமி. ஒரு சின்னக் குடையைப் பாதி விரித்து, மாமாவின் தோளுக்கும் ஜன்னலுக்கும் நடுவே நீட்டிக்கொண்டிருந்தார். காருக்குள் குடை பிடித்து வந்தவர்களை நான் அன்றுதான் பார்த்தேன். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

மாமி பேச ஆரம்பித்ததும் சிரிப்பு தானே அடங்கிவிட்டது. அவருக்கு வீசிங். நாலு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்கியது. ஈரமும் தூசியும் ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் முலுண்டில் மகள் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. மகள் மறுபடி ஆபீஸ் போக ஆரம்பித்துவிட்டாள், பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது இவர்கள்தான். லோக்கல் ரயிலில் போனால் குர்லாவில் பாலம் ஏறி இறங்கி வண்டி மாற வேண்டும், மாமியால் முடியாது. ஆக, கண்ணாடி ஏறினால்தான் மாமி பேரனைப் பார்க்க முடியும். "எப்பலேர்ந்து இப்படி?" என்று கேட்டேன். மாமா வாயைத் திறப்பதற்குள் மாமியே, "போன வருஷ மழைலேர்ந்து" என்றார். மாமா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

காசிம் பாய் டிரைவர் பக்கக் கதவில் பொத்தான்கள் பதித்த தட்டை நெம்பித் தூக்கினார். அடியில் வயர்களைச் சேர்க்கிற கப்ளர் கழன்று கிடந்தது. அழுத்திச் செருகினார், கண்ணாடி சமர்த்தாக ஏறியது. மாமி குடையை உதறி மடக்கிக்கொண்டே சொன்னார்: "இனிமே குடையை வெளியில மட்டும் பிடிச்சாப் போறும், இல்லியா செல்வி?"

ஒரே நாளில் மூன்று

டிரைவர் பக்கத்தைத் தவிர மற்ற மூன்று கண்ணாடியும் ஒரே நாளில் போய்விட்டன என்று ஒருவர் வந்தார். கோட்டை ஏரியாவில் பெரிய ஆபீஸில் வேலை. மூன்று மோட்டாரும் ஒன்றாகப் போக முடியுமா, எலி வயரைக் கடித்திருக்குமா, பெயின்ட் அடித்தபோது தண்ணீர் உள்ளே போயிருக்குமா என்று எல்லாக் கோணத்திலும் யோசித்து வைத்திருந்தார். குடியிருக்கிற ஹவுசிங் சொசைட்டியில் யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று மனைவி எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அது புதுசாகவே இருந்தது, வாராவாரம் மாற்றுகிறார்கள் போல.

பாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஒரு பொத்தானை அமுக்கினார், போய்விட்டார். குழந்தைகள் பின்னால் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கி விளையாடாமல் இருக்க, மற்ற ஜன்னல்களைப் பூட்டி வைக்கிற பொத்தான் அது. யார் கை பட்டு அமுங்கியதோ தெரியாது. மூன்று கண்ணாடியும் ஏறி இறங்குவதை வண்டிக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். இந்தத் தப்பை நானும் செய்திருப்பேன், நீங்களும் செய்திருப்பீர்கள். நம் கையை நாம் கடைசியில்தான் சந்தேகப்படுகிறோம். கிளம்பும்போது என் மேஜைக்கு வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஹோலிக்கு வந்த மாமியார் பின் சீட்ல வேர்த்து வேர்த்தே ஊருக்குத் திரும்பிப் போனாங்க. இதை நான் வீட்ல சொல்லப் போறதில்ல, நீங்களும் சொல்லிடாதீங்க."

'ம்' சொன்னால் தூக்கணும்

முத்துலட்சுமி அக்காவும் அவர் வீட்டுக்காரரும் தாராவியில் 'சால்' என்கிற வரிசை வீடுகளில், எங்கள் சாலுக்கு அடுத்த சாலில் தையல் யூனிட் வைத்திருக்கிறார்கள், திருநெல்வேலிக்காரர்கள். அவர்கள் காரில் முன் இடது கண்ணாடிக்கு மோட்டாரின் பலம் போய் ரொம்ப நாள் ஆகிறது. அண்ணாச்சி டிரைவர் சீட்டிலிருந்து பொத்தானை அமுக்கி "ம்" என்பார். அக்கா உள்ளே ஒரு உள்ளங்கையும் வெளியே ஒரு உள்ளங்கையும் வைத்துக் கண்ணாடியைப் பிடித்து மேலே தூக்குவார். பேசிக்கொண்டிருக்கிற பேச்சுகூட நிற்காது. அதை ஒரு பழுதாகவே இருவரும் நினைத்ததில்லை. ஒரு நாள் அவர்களுடைய கல்யாண வயதுப் பையன் வண்டியைத் தனியாக எடுத்துப் போய், கண்ணாடியை இறக்கிவிட்டு ஏற்ற ஆளில்லாமல், அப்பா வந்து சேருகிறவரை காரையே காவல் காத்திருக்கிறான். அப்புறம்தான் எங்களிடம் வந்தார்கள்.

புது மோட்டார் போட்டாயிற்று. அண்ணாச்சி பொத்தானை அமுக்கி, பழக்கத்தில் "ம்" என்றார். கண்ணாடி தானாக ஏறிக்கொண்டிருக்கும்போதே அக்காவின் இரண்டு உள்ளங்கையும் அதன் மேல் போய் ஒட்டிக்கொண்டன. நான் சிரித்தேன். அக்கா கையை எடுக்காமலே சொன்னார்: "மெசின் நல்லாத்தான் ஏத்துது. இவுக 'ம்'னு சொன்னா என் கை சும்மா இருக்க மாட்டேங்கு, அதுக்கு நான் என்ன செய்ய?"

மறுபடியும் அதே கதவு

வெள்ளி நிறக் கார் ஜூலையில் திரும்ப வந்தது. அதே கண்ணாடி, அதே குடை, தட்டுக்கு அடியில் அதே கப்ளர். பாய் செருகி அனுப்பினார். செருகும் முன் அதை ஒரு தரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஆகஸ்டில் மாமி தனியாக ஆட்டோவில் வந்து இறங்கினார். நடுவில் மூச்சுத் திணறி ஒரு ராத்திரி நர்சிங் ஹோமில் இருந்திருக்கிறார். என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, பையிலிருந்து வீசிங் மருந்து பம்ப்பை எடுத்து இழுத்து, மூச்சு ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் பேசினார். "கண்ணாடி மறுபடி இறங்கிடுத்து. இனிமே அந்த வண்டியில ஏறக் கூடாதுன்னு பொண்ணு கண்டிஷனா சொல்லிட்டா. குழந்தையை டே கேர்ல விட்டுடறேங்கறா. இன்னிக்கு அவரை வண்டியோட அனுப்பறேன், எப்படியாவது சரி பண்ணிக் கொடு செல்வி." மாமாவைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. வண்டி கெட்டால் அவர் என்ன செய்வார் என்று எனக்கே சமாதானம் சொன்னார்.

சாயங்காலம் மாமா வண்டியைக் கொண்டு வந்து விட்டுவிட்டுப் போனார். பாய் தட்டைத் தூக்கி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கப்ளரின் பக்கத்தில் ஒரு சின்னக் கிளிப் இருந்தது. அதை விரலால் அமுக்கிக்கொண்டு இழுத்தால்தான் கழலும். வண்டி எத்தனை குழியில் விழுந்தாலும் தானாகக் கழல வழியில்லை. தட்டின் ஓரத்தில் நெம்பின கீறல்களும் இருந்தன, அவை பாயின் கீறல்கள் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. மனைவி பின்னால் மூச்சுக்குத் தவிக்க, இந்த மனுஷர் முன்னால் உட்கார்ந்து காற்று வாங்குகிறாரா என்று நினைத்தேன். பாய் தட்டை மூடிவிட்டுச் சொன்னார்: "இது வண்டி செய்யிற வேலை இல்ல செல்வி, கை செய்யிற வேலை. ஏன்னு நீயே கேளு."

சப்வே

மறுநாள் மாமா வண்டி எடுக்க வந்தபோது கேட்டேவிட்டேன். "மாமா, அதை நீங்கதானே பிடுங்குறீங்க?" அவர் மறுக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார். கட்டிங் சாயா, அரை கிளாஸ் டீ, வரவழைத்தேன், அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

போன வருஷ மழையில் மகள் வீட்டிலிருந்து தனியாகத் திரும்பியிருக்கிறார். ரயில் பாதைக்கு அடியில் போகிற சப்வே ஒன்றில் முன்னால் போன வண்டிகள் போய்விட்டன, இவர் வண்டி நடுவில் நின்றுவிட்டது. தண்ணீர் ஏறியது. கதவைத் தள்ளினார், வெளித் தண்ணீரின் அழுத்தத்தில் அசையவில்லை. பொத்தானை அமுக்கினார், கண்ணாடி இறங்கவில்லை. தண்ணீர் சீட்டுக்கு வந்து, மடிக்கு வந்தது. விட்டு விட்டு அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார். என்ன தோன்றியதோ, ஒரு தடவை மோட்டாருக்கு உயிர் வந்து கண்ணாடி முழுக்க இறங்கியது. தண்ணீர் உள்ளே பாய்ந்தது. மேலே நின்றவர்கள் இறங்கி வந்து இரண்டு கையையும் பிடித்து ஜன்னல் வழியாக இழுத்துப் போட்டார்கள்.

"ஆத்துல மாமிகிட்ட, வண்டி தண்ணில நின்னுடுத்து, தள்ளிண்டு வந்தோம்னு மட்டும் சொன்னேன்" என்றார். "உள்ள மாட்டிண்டேன்னு சொன்னா அவ என்னை வண்டியே எடுக்க விடமாட்டா. அப்புறம் அவளுக்கு முலுண்டும் கிடையாது, குழந்தையும் கிடையாது. கண்ணாடி கெட்டுப் போச்சுன்னா யாரும் மேல ஒண்ணும் கேக்கறதில்லே. பயமா இருக்குன்னா எல்லாரும் கேப்பா." என் கோபம் போன இடம் தெரியவில்லை. நான் ஏதாவது சொல்ல வேண்டுமே என்பதற்காக, இப்போது கண்ணாடி நன்றாக இறங்குகிறது, பாய் பத்துத் தடவை பார்த்துவிட்டார் என்றேன். மாமா ஆறிப்போன சாயாவை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "அன்னிக்கு ஒரு தடவை இறங்கித்து. ஏத்தினா மறுபடி இறங்குமான்னு எனக்குத் தெரியாதே, செல்வி."

கைப்பிடி

பாயிடம் மட்டும் சொன்னேன். அவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, குர்லாவில் பழைய வண்டிகளைப் பிரித்துப் போடுகிற பங்கார் கடைகளுக்குப் போனார். அதே கார், அதே வருஷம், ஆனால் பவர் விண்டோ இல்லாத மட்ட மாடல். அதன் டிரைவர் கதவிலிருந்து கையால் சுற்றுகிற மெஷினைக் கைப்பிடியோடு கழற்றி வந்தார். எல்லோரும் கைப்பிடியைத் தூக்கிவிட்டுப் பொத்தான் கேட்டு வருவார்கள். பொத்தானைத் தூக்கிவிட்டுக் கைப்பிடி போட்டது எங்கள் கராஜில் அதுதான் முதல் தடவை.

மாட்டி முடித்ததும் பாய் பேட்டரி வயரைக் கழற்றித் தனியாக எடுத்து வைத்துவிட்டு மாமாவை உள்ளே உட்காரச் சொன்னார். வண்டியில் சொட்டுக் கரண்ட் இல்லை. "இப்ப சுத்துங்க" என்றார். மாமா சுற்றினார், கண்ணாடி ஏறியது. திருப்பிச் சுற்றினார், இறங்கியது. மறுபடி ஏற்றினார், மறுபடி இறக்கினார். நாங்கள் அவரை அப்படியே விட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனோம். வெகுநேரம் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் கண்ணாடியை மேலே ஏற்றி வைத்துக்கொண்டு அவர் கிளம்பினார்.

அடுத்த வாரம் நல்ல மழையில் வெள்ளி நிறக் கார் வந்தது. எல்லாக் கண்ணாடியும் ஏறியிருந்தது. முலுண்டிலிருந்து திரும்புகிறார்களாம், மாமியின் சேலையில் குழந்தையின் பால் கறை. மாமா பாயோடு பின்பக்கம் போக, மாமி என் எதிரே வந்து உட்கார்ந்தார். நான் தயாராக வைத்திருந்த பொய்யை எடுத்தேன். "அந்த மோட்டார் எங்கயும் கிடைக்கலை மாமி, அதான் கை மெஷின் போட்டோம்." மாமி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு பின்பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "போன வருஷம் அவர் நனைஞ்சுண்டு வந்த அன்னிக்கு, வண்டி நின்னுடுத்துன்னு மட்டுந்தான் சொன்னார். அந்தச் சட்டையைத் துவைச்சது நான், செல்வி. காலர் வரைக்கும் சேறு. வண்டியைத் தள்ளினவருக்குக் காலர்ல எப்படிச் சேறு வரும்? அவர் சொல்லலை, நானும் கேக்கலை. முன்னாடி சீட்ல என் பக்கத்துக்கும் அதே மாதிரி ஒரு கைப்பிடி போட்டுக் கொடு, இனிமே நான் அவர் பக்கத்துலயே உட்கார்ந்துக்கறேன்."

இப்போது செம்பூரிலிருந்து முலுண்டுக்கு ஒரு கார் முன்னால் இரண்டு கைப்பிடியும் பின்னால் இரண்டு பொத்தானுமாக ஓடுகிறது. அதைச் செய்த கம்பெனிக்காரர்கள் பார்த்தால், நல்ல வண்டியை எவனோ கெடுத்துவிட்டான் என்றுதான் சொல்வார்கள்.