கமுந்திங்கில் கேட்ட 'இ-எ'

காலை ஏழு மணிக்கு ஈப்போவிலிருந்து ரயில் புறப்பட்டது. கமுந்திங் பக்கத்து ஜப்பானியர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கும் என் தங்கை புருஷன் முத்தையாவுக்குக் கடுங்காய்ச்சல் என்று முந்தின நாள் ஒரு லாரிக்காரர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். தங்கை வள்ளி பேறுகாலத்துக்கு என் வீட்டுக்கு வந்திருந்தாள். "எப்படியாச்சும் அவரக் கூட்டிட்டு வந்துருண்ணே" என்றாள்.

உட்கார முடியவில்லை. சுங்கை சிப்புட்டில் இறங்கி ஏறினேன், கோலக்கங்சாரிலும் அப்படியே. மனத்தை அடக்க, எங்கள் துணிக்கடைக்கு அடுத்த போட்டோப் படக்கடை ஜப்பானியர் சொல்லித் தந்ததை முணுமுணுத்தேன். அவர்கள் பேச்சில் இரண்டு உயிரெழுத்து சேர்ந்தால் நம்மைப்போல யகரம் வகரம் வைத்து ஒட்டக் கூடாது. 'அ'வும் 'இ'யும் 'அ-இ'தான், தனித்தனி மாத்திரை. ஆனால் 'எ'வை அடுத்து 'இ' வந்தால் பெரும்பாலும் 'ஏ' என்று நீளும். 'ஒ'வை அடுத்து 'உ' வந்தால் 'ஓ'. ஆஸ்பத்திரிக்குப் 'பியோ-இன்'. நான் 'பியோயின்' என்றால் சிரிப்பார். இல்லை என்பதற்கு 'ஈ-எ'.

பாடாங் ரெங்காஸ் தாண்டி மலைச் சுரங்கங்களில் வண்டி ஊர்ந்தது. கமுந்திங் சேர நண்பகல் ஆகிவிட்டது. அங்கிருந்து மூன்று மைல் மாட்டுவண்டி. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் முத்தையாவின் வீடு பூட்டிக் கிடந்தது. ஆட்கள் எல்லாரும் பால்மரக் காட்டில், ரப்பர் வெட்டில்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருப்பாங்க லா. பங்களாவுல கேளுங்கண்ணே" என்றார் வண்டிக்காரர்.

பங்களாவில் துரை இல்லை. அவர் மனைவி வெளியே வந்தார். மலாய் அவருக்குத் தெரியவில்லை.

"முத்தையா... பியோ-இன்?"

"ஈ-எ" என்று தலையசைத்தார். உடனே மறுபடி, "இ-எ."

இல்லை, இல்லை. ஆஸ்பத்திரியில் இல்லை, எங்குமே இல்லை என்கிறார். படியில் உட்கார்ந்துவிட்டேன். வள்ளியிடம் என்ன சொல்வேன்?

அந்த அம்மாள் பதறி என் முன் குந்தினார். "ஈ...எ" என்று இழுத்துக் கையை ஆட்டினார். பிறகு "இ-எ" என்று சுருக்கி, இரு கைகளையும் கூரைபோல் சேர்த்து, தன் வீட்டைக் காட்டினார்.

வீடு! முதலெழுத்து நெடிலானால் இல்லை, குறிலானால் வீடு. குறில் நெடில் படித்து வளர்ந்தவன் நான். அந்த நேரத்துப் பயத்தில் எல்லாம் நெடிலாகவே விழுந்திருக்கிறது.

அவர் கைகாட்டிய பின்கட்டு அறைக்கு ஓடினேன். முத்தையா பாயில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பாலம் மழையில் போய்விட்டதால் அங்கே அனுப்ப முடியவில்லையாம். நான்கு நாளாக அந்த அம்மாளே கொயினா மருந்து கொடுத்துப் பார்த்திருக்கிறார்.

"மச்சான், வள்ளிக்கு?"

"இன்னும் ஆகல, மாப்பிள்ள. கெளம்பலாமா?"

அம்மாள் ஒரு கம்பளியைப் போர்த்திவிட்டு, வண்டி திரும்பும் வரை படியில் நின்றார். எங்கள் ஊரில் அவரைப்போல் வேற்றுமொழிக்காரர் எவராவது காய்ச்சலில் விழுந்தால் நாம் எந்த அறையைத் திறந்துவிடுவோம் என்று ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஈப்போவில் இறங்கி வீட்டை நெருங்கும்போது பக்கத்து வீட்டு அக்கா வாசலிலேயே கூவினார்: "பொம்பளப் புள்ள!"

ஸ்டேஷனிலிருந்து என் தோளைப் பிடித்தே நடந்து வந்த முத்தையா, கையை எடுத்துவிட்டு உள்ளே ஓடினார்.