பூமி திரும்பிச் சுற்றிய சனிக்கிழமை

போன சனிக்கிழமை சாயங்காலம் மாடியிலிருந்து அழுதுகொண்டே இறங்கி வந்தாள் ஷைனி. மூன்றாம் வகுப்பு படிக்கிற என் மகள்.

"அம்மா... பூமி திரும்பிச் சுத்துதும்மா!"

கையில் ஒரு குட்டிப் பாராசூட். அதன் நூலில் மடித்துக் கட்டிய நோட்டுத் தாள்.

சிவகாசிப் பக்கத்துக்காரர்களுக்கு அந்தப் பாராசூட்டைத் தெரியும். எங்கள் தெருவைத் தாண்டினால் பொட்டல்காடு. பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் புது ஐட்டத்தை அங்கேதான் விட்டுப் பார்ப்பார்கள். சில வெடி உயரே போய் வெடித்து, கைக்குட்டை அளவில் ஒரு பாராசூட்டை விடும். அது மிதந்து மிதந்து இறங்கும். பிள்ளைகள் பொறுக்கி வைத்துக்கொள்வார்கள்.

சரி, அதற்கும் பூமிக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தப்படுத்தியதே நான்தான்.

அது மாசி மாதம். ஒரு கண் மிக்ஸியில், ஒரு கண் திருத்தாத விடைத்தாளில். "ஏம்மா பாராசூட் எல்லாம் மேற்குப் பக்கமே போகுது?" என்று கேட்டாள். "பூமி கிழக்கே சுத்துதுல்ல... மேல மிதக்குறது பின்தங்கிரும்" என்று சொல்லிவிட்டேன்.

தப்பு. காற்று கிழக்கிலிருந்து அடிக்கிற மாதம் அது, அவ்வளவுதான். பிசிக்ஸ் படித்தவள், டீச்சர் வேறு. இப்படியா உளறுவேன்?

அவள் அப்பா மஸ்கட்டில் ஒரு பிரஸ்ஸில் பிரின்டிங் மெஷின் ஓட்டுகிறார். இரண்டு கிறிஸ்துமஸ் போய்விட்டது, இன்னும் வரவில்லை. மஸ்கட் நமக்கு மேற்கே என்று மேப்பில் காட்டிக்கொடுத்ததும் நான்தான். பிள்ளை இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டது. பாராசூட்டில் கடிதம் கட்டி, மாடியிலிருந்து விட்டிருக்கிறது... ஐந்து மாதமாக!

இப்போது ஆடி. காற்று மேற்கிலிருந்து சுழற்றி அடிக்கிறது. அன்றைக்கு விட்ட கடிதம் திரும்பி எங்கள் மாடியிலேயே விழுந்துவிட்டது.

பிரித்துப் படித்தேன்.

'அப்பா, லீவு கேக்க வேண்டாம். மாடியில ஏறி மேல மிதங்க. நம்ம ஊர் கீழ வந்ததும் குதிங்க. மெதுவா குதிங்க.'

என் தப்புக் கணக்கின்படியே பார்த்தாலும் அவருக்குக் கீழே முதலில் சவுதி வரும், அப்புறம் ஆப்பிரிக்கா. நம் ஊர் வர கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும்... பாருங்கள், பிள்ளை அழுகிற நேரத்திலும் டீச்சர் புத்தி போகவில்லை.

உண்மையைச் சொல்லவா? சொன்னால் அப்பா வருவார் என்ற நம்பிக்கையும் போய்விடுமா? சொல்லாவிட்டால் இன்னும் எத்தனை மாதம் வானத்தைப் பார்த்து நிற்பாள்?

சொல்லிவிட்டேன்.

"அம்மா தப்பாச் சொல்லிட்டேன்டா. பூமி சுத்துறப்போ காத்தையும் சேர்த்துத்தான் இழுத்துக்கிட்டுச் சுத்துது. காத்துல மிதக்குறதும் கூடவே வந்துரும். வேனுக்குள்ள கொசு பறந்தா, வேன் கிளம்புனதும் பின் கண்ணாடியில போயா மோதுது?"

"எங்க மோதுது?" சுவருக்கு அந்தப் பக்கம் செல்வி அக்கா குரல். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிற, எங்கள் மேற்கு வீட்டுக்காரர். "இங்கன கம்பெனி வேன்ல ஏறுற கொசு ஏழாயிரம்பண்ணை வரைக்கும் எங்க கூடவே வருது டீச்சர். அட்டெண்டன்ஸ் ஒண்ணுதான் போடல!"

ஷைனிக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்போ நான் முன்னாடி விட்ட லெட்டரெல்லாம்?"

செல்வி அக்கா உள்ளே போய், ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு வந்தார். உள்ளே ஐந்து பாராசூட்.

"எங்க கோழிக்கூட்டு மேலதான் வந்து விழுகும். பிள்ளை விளையாட்டு, தூரப் போட மனசு வரல. நீங்களும் கேக்கல. எங்க கோவிச்சுக்கிடுவீகளோன்னு நானும் சொல்லல."

மஸ்கட் என்று நினைத்தது மதில்சுவருக்கு அந்தப் பக்கம்!

ஷைனி மூக்கை உறிஞ்சினாள். "மிதந்தா வர முடியாதுன்னா, பிளேன் மட்டும் எப்படிம்மா வருது?"

"அது மிதக்கலடா. இஞ்சின் இருக்கு. கிளம்பி வருது."

சொன்ன பிறகுதான் சுருக்கென்றது.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் போனில் கேட்பார். "கிறிஸ்துமஸுக்கு லீவு கேக்கவா?" நான் சொல்வேன். "அங்க வேலை எப்படியோ... உங்க இஷ்டம்." அவருக்குத் தொந்தரவு தரக்கூடாதே என்று. 'இவளுக்கு நான் வேண்டாம்போல' என்று அவர் நினைத்திருப்பாரோ? நான் வாங்க என்று சொல்வேன் என அவர் காத்திருக்க, வருகிறேன் என்று அவர் சொல்வார் என நான் காத்திருக்க... அவர் அங்கே மிதக்கிறார், நான் இங்கே மிதக்கிறேன். பூமியோ காற்றையும் எங்களையும் மஸ்கட்டையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு சுற்றுகிறது. தூரம் ஒரு சாண்கூடக் குறையவில்லை.

ஆறு கடிதங்களையும் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன். கீழே ஒரு வரி டைப் பண்ணினேன். அழித்தேன். மறுபடி டைப் பண்ணினேன். 'பிள்ளை தேடுது' என்று போட்டால் மரியாதையாக இருக்கும். ஆனால் முழு உண்மை அது இல்லையே?

'கிறிஸ்துமஸுக்கு வாங்க. நான் தேடுறேன்.'

அனுப்பிவிட்டேன். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் இது கோழிக்கூட்டில் விழாது.