வியாழக்கிழமையைப் பார்த்திருந்த இரண்டு பேர்

அன்று காலை எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் இருந்தவர்கள்: நான், என் மனுசன், தொட்டிலில் எங்கள் கைப்பிள்ளை, யாழ்ப்பாணத்து இன்ஸ்பெக்டர் ஒருவர், சப்பாத்துக் காலோடு குசினி அடுப்பு வரைக்கும் வந்துவிட்ட பொலிஸ்காரன் ஒருவன். வாசற்படியில் கால் வைக்காமல் வெளியே நின்ற குடைக்காரனையும் சேர்க்கத்தான் வேண்டும்.

யுத்தக் காலம் அது. துறைமுகத்தில் நிற்கிற கப்பல்களுக்கு உள்ளூர் ஆட்களே வெடி வைக்கப்போகிறார்கள் என்று கதை. அதற்காகப் புதுச் சட்டம் வந்திருந்தது. நீதவானின் கடதாசி இல்லாமலே பொலிஸ் வீட்டுக்குள் வரலாம், தபாலை உடைத்துப் பார்க்கலாம், வழக்கில்லாமலே ஆளை மறியலில் பூட்டி வைக்கலாம். பேப்பரை வாசித்துவிட்டு என் மனுசன்தான் சொன்னார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்குப் பயப்பட அவ்வளவும் போதும். வாசலில் பூனை உரசினாலும் பொலிஸ் என்று எழும்பி உட்காருவேன். ஆனாலும் பயத்துக்கு நடுவில் ஒரு நினைப்பு: இந்தச் சட்டத்தைப் பெண்சாதிமாருக்கும் தந்திருக்கலாமே.

ஏனென்றால் வியாழக்கிழமைகளில் அவர் நேரே வீட்டுக்கு வருவதில்லை. துறைமுகத்தில் சாமான் கணக்கு எழுதுகிறவர். ஓவர்டைம் என்பார். ஓவர்டைம் காசை நான் கண்ணால் கண்டதில்லை. சட்டைப்பையைத் துழாவினேன், கொலரை மணந்து பார்த்தேன். செவ்வாய்தோறும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். தொலைந்த சாவியைக் காட்டித் தருகிறவர், தொலைகிற மனுசனைக் காட்டித் தரமாட்டாரா?

அவர் காட்டவில்லை. குடைக்காரன்தான் காட்டினான்.

மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் குடையோடு எதிர் மதிலில் சாய்ந்து நிற்பான். ரகசியப் பொலிஸ் என்பது எங்கள் தெரு நாய்க்கும் தெரியும். விடியக்காலையில் நான் வாசலில் அப்பம் சுட்டு விற்கிறவள். அந்த வாசனையில் அவன் எவ்வளவு நேரம்தான் நிற்பான்? முதலில் காசுக்கு இரண்டு. பிறகு கடனுக்கு நாலு.

"அக்கே, உங்கட மாத்தயா நல்ல மனுசன். வியாழக்கிழமை மட்டும்தான் எனக்குக் கால் நோவு," என்றான் ஒரு நாள் என் மனுசனைப் பற்றித் தன் சிங்களத் தமிழில், கட்டைச்சம்பலை வழித்துக்கொண்டு.

"ஏன், அவ்வளவு தூரமோ?"

"வெள்ளவத்தை. கடல் பக்கம் ஒரு வீடு. நோனா ஒண்டு வந்து கதவு திறக்கிறது."

நோனா என்றால் நாகரிகமான பொம்பிளை. அகப்பை நழுவி மாச்சட்டிக்குள் விழுந்தது.

"வயசான நோனாவோ?"

"அப்பிடிச் சொல்ல ஏலாது. ஒரு முட்டை அப்பம் போடுங்க அக்கே."

போட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழன் இரவும் வெள்ளி விடிந்து அவன் வரும்வரை எனக்கு நித்திரை இல்லை. என்ன நிறச் சேலை, சிரித்தாளா, அவர் போகும்போது தலை வாரியிருந்தாரா என்று அப்பத்துக்கு அப்பம் கேட்டேன். அவனும் சொன்னான். சில நாள் அந்த நோனாவைவிட இவன்மேல்தான் எரிச்சல் வந்தது. கூடப் படுத்தெழும்புகிற எனக்குத் தெரியாத மனுசனை, சம்பளத்துக்குப் பின்னால் நடக்கிறவன் அறிந்து வைத்திருக்கிறானே.

பிறகு அவன் கேட்கத் தொடங்கினான். "வீட்டுக்கு ஆர் வாறது? மாத்தயா என்ன கதைக்கிறது?"

"என்னோட கதைச்சாத்தானே எனக்குத் தெரியும்," என்றேன். ஆனால் அன்று இரவு முழுக்க யோசித்தேன். அவரை மறியலில் போட்டால் எங்கே இருக்கிறார் என்றாவது தெரியும், வியாழக்கிழமையும் அங்கேயே இருப்பார். அப்படியும் யோசித்தவள்தான் நான்.

அடுத்த வியாழன் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நானும் போனேன். அவர் முன்னால், அவருக்குப் பின்னால் குடை, குடைக்குப் பின்னால் நான். வெள்ளவத்தை ஒழுங்கையில் குடைக்காரன் திரும்பிப் பார்த்து வெலவெலத்துப் போனான்.

"அக்கே, நீங்க ஆருக்குப் பின்னால வாறது?"

"உனக்குப் பின்னாலதான்."

அவன் தெரு முனையில் நின்று முன்கதவைப் பார்த்தான். அதுதான் அவன் வேலை. நான் மதிலோரமாகப் போய்ப் பக்கத்து ஜன்னலைப் பார்த்தேன். யுத்த இருட்டடிப்புக்கு வெளிச்சம் வெளியே தெரியாமல் கட்டிய கறுப்புத் துணியில் ஒரு கிழிசல் இருந்தது.

பாயில் துறைமுகத்து ஆட்கள் ஐந்தாறு பேர். பின்வழியால் வந்திருக்க வேண்டும். முன்கதவால் போகிற புத்திசாலி என் மனுசன் ஒருவர்தான். அந்த நோனா இங்கிலீஷ் பேப்பரை வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். கூலி கூட்டித் தரும்படி ஒரு மனு எழுதினார்கள். வெடியும் இல்லை, கட்டிப்பிடிப்பும் இல்லை. என் மனுசன் பென்சிலைப் பிடித்தபடி அவள் வாயைப் பார்த்திருந்தார். அந்த முகத்தை அவர் எனக்கு ஒரு நாளும் காட்டியதில்லை. அவள் கையைத் தொட்டிருந்தால் உள்ளே போய்ச் சண்டை பிடித்திருப்பேன். பென்சிலோடு என்ன சண்டை பிடிக்கிறது?

அடுத்த கிழமை துறைமுகத்தில் இரண்டு பேரைக் காரணம் சொல்லாமலே பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று அவர்களுடைய வீட்டாருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டுக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். பெட்டியைக் கவிழ்த்தார்கள், மெத்தையைப் பிரித்தார்கள். ஒன்றும் இல்லை. இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார்.

"உம்மட மனுசன் வியாழக்கிழமையில எங்க போறவர்?"

என் மனுசனுடைய முகம் சாம்பலாகிப் போனது. நான் வாயைத் திறந்தேன்.

"எங்கயோ? வெள்ளவத்தையில ஒருத்தி இருக்கிறாள், அங்கதான் போறவர். இந்த வெட்கத்தையும் என்னட்டையே கேக்க வந்தனீங்களோ? அவள் இங்கிலீஷ் பேப்பர் வாசிக்கிறவள். அவளின்ர நகத்துக்குள்ள மா இருக்காது. அப்பம் சுடுறவளை ஆருக்கு ஐயா வேணும்?"

அதில் நடிப்பு ஒன்றும் இல்லை. வந்த கண்ணீர் முழுக்க என் சொந்தக் கண்ணீர். ஜன்னலில் கண்டதை மட்டும்தான் சொல்லவில்லை.

இன்ஸ்பெக்டர் வாசலைப் பார்த்தார். "மெய்யோ?"

குடைக்காரன் அப்பச் சட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வேவு பார்க்கிற வீட்டிலேயே கடனுக்குச் சாப்பிடுகிறவன் என்று நான் சொன்னால் அவன் வேலை போய்விடும். "ஓம் சேர். நோனா ஒண்டுதான். நான் எழுதித்தானே தந்தது."

"இதுக்கோ பெற்றோல் எரிச்சனாங்கள்," என்று இன்ஸ்பெக்டர் தொப்பியைப் போட்டார். "வீட்டுச் சாப்பாட்டோட இரும் காணும்," என்று என் மனுசனுக்கு ஒரு புத்திமதி. போய்விட்டார்கள்.

மெத்தையைத் திரும்பத் தைக்கும்போது அவர் பக்கத்தில் வந்து இருந்தார். "நான் ஒருத்தியும் வச்சிருக்கேல்லை. உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"பிறகு ஏன் அப்பிடி அழுதனி?"

நான் ஊசியில் நூல் கோத்தேன்.

என் கதையைத் தெரு முழுக்க நம்பியது. அவர் வியாழக்கிழமைகளில் வெளிக்கிடவில்லை. வெளிக்கிட்டால் பக்கத்து வீட்டுப் பெண்களே மறித்திருப்பார்கள். பின்னேரத்தில் சும்மா இருந்து பென்சில் சீவுவார், எழுத ஒன்றும் இருக்காது. அதைப் பார்க்கவும் எனக்குப் பொறுக்காது.

குடைக்காரனை வேறு தெருவுக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது சொல்லிக்கொள்ளவும் இல்லை. அவன் எனக்குத் தரவேண்டிய அப்பக் காசு மூன்று ரூபாய் அறுபது சதம்.