முதுகுக்குப் பின்னால் ஒரு விரல்

அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கதவைத் திறந்ததும் இடப்பக்கச் சுவர் முழுக்க ஒரு கண்ணாடி, அதற்கு நேர் எதிரே வலப்பக்கச் சுவர் முழுக்க இன்னொன்று. நடுவில் சுழலும் நாற்காலி. அதில் உட்கார்ந்தால் உங்கள் தலைக்குப் பின்னால் இன்னொரு தலை, அதற்கும் பின்னால் இன்னொன்று என்று, கண்ணாடி பச்சையாக மங்கிப்போகும் தூரம் வரை நீங்களே வரிசையில் உட்கார்ந்திருப்பீர்கள். அதனால் முடிவெட்டுகிறவருக்குத் தெருவில் கண்ணாடிக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. புதிதாக வருகிறவர்கள் அவர் மூக்கின் மேல் கண்ணாடியைத் தேடிவிட்டு ஏமாந்துபோவார்கள்.

மீசை அரும்பும் முன்பே கத்திரி பிடித்தவர், இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டார். கை எவ்வளவு வேலை செய்ததோ அவ்வளவு வேலை வாயும் செய்திருக்கிறது. "எவ்வளவு பெரிய மனுஷனா இருந்தாலும் நம்ம கிட்ட வந்தா தலை குனிஞ்சுதான் ஆகணும்" என்பது தினமும் ஒருமுறையாவது வெளியே வரும் நகைச்சுவை. பழைய வாடிக்கைக்காரர்கள் மரியாதைக்குச் சிரித்து வைப்பார்கள். கழுத்தில் சவரக்கத்தி இருக்கும்போது சிரிக்காமல் இருக்க யாருக்குத்தான் துணிச்சல் வரும்?

நாற்பதுக்கு மேல்தான் வில் அவர் வாழ்க்கையில் வந்தது. முடிவெட்ட வந்த ஒரு தச்சர், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் விடுமுறை நாட்களில் சிலர் வில் பழகுவதாகச் சொன்னார். போட்டி வில்களில் இருக்கும் சக்கரமும் கிடையாது, குறி பார்க்கும் கருவியும் கிடையாது, வெறும் மர வில். "இந்த வயசுல வில்லா? ஆளைப் பாரு!" என்று கேலி செய்வதற்காகவே போன கண்ணாடிக்காரர், போனவர் போனவர்தான். அன்று சாப்பாட்டுக்கும் வரவில்லை.

நாணை மூன்று விரல்களில் மாட்டி இழுத்து வாயோரத்தைத் தொடும்வரை கொண்டுவர வேண்டும். தொட்ட பிறகுதான் விடலாம். தொட்டுவிட்டால் வாயைத் திறக்கக் கூடாது. உதடு அசைந்தால் நாண் நகரும், அம்பு தன் இஷ்டத்துக்குப் போகும். காலை முதல் மாலை வரை ஓயாமல் பேசுகிற மனிதருக்கு, பேச்சே இல்லாத ஒரே இடமாக அது இருந்தது. நாண் உதட்டோரத்தில் வந்து அமரும் அந்தக் கொஞ்ச நேரம் கத்திரிச் சத்தம் இல்லை, பக்கத்து வீட்டு வானொலி இல்லை. உலகம் சற்றுத் தள்ளி நின்று அவருக்காகக் காத்திருந்தது. அதற்காகத்தான் போனார். அம்பு எங்கே போய்க் குத்துகிறது என்பதில் தனக்கு அவ்வளவு அக்கறை இல்லை என்பதை மட்டும், நம்ப மாட்டார்கள் என்பதால், யாரிடமும் சொன்னதில்லை.

அந்த இடம்தான் போன வருடத்திலிருந்து கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது. இழுப்பார், நாண் நெருங்கி வரும். உதட்டுக்கு இரண்டு விரற்கடை இருக்கும்போதே விரல்கள் தாமாகத் திறந்துகொள்ளும். யாரோ சுண்டிவிட்டதுபோல் அம்பு பறந்துவிடும். பல்லைக் கடித்துப் பார்த்தார், மூச்சைப் பிடித்துப் பார்த்தார், விரல்களைத் திட்டியும் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அது கனவிலும் வந்தது. கடையின் இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் நின்று இழுக்கிறார். நாண் மெழுகுபோல் நீண்டு வருகிறது, முழங்கை சுவரைத் தாண்டி, தெருவைத் தாண்டிப் பின்னால் போகிறது, நாண் மட்டும் உதட்டுக்கு வருவதில்லை. கண்ணாடிக்குள் வரிசையாக நிற்கும் அத்தனை கண்ணாடிக்காரர்களும் அதேபோல் இழுத்துக்கொண்டு, அதேபோல் எட்டாமல் நிற்கிறார்கள். விழித்தால் வலது தோள் கல்லாக இறுகியிருக்கும்.

"தோளை எறக்குப்பா. தோளு காதுகிட்ட போய் உக்காந்திருக்கு" என்று தச்சர் மைதானத்தில் தலைதலையாக அடித்துக்கொண்டார்.

"எறக்கித்தான் வச்சிருக்கேன்" என்பார் இவர். சத்தியமாக இறக்கித்தான் வைத்திருப்பதாக நினைத்திருந்தார்.

கொஞ்ச நாளைக்கு லேசான வில்லை எடுத்துப் பழகும்படி தச்சர் சொன்னபோது ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கையில் வலு போதவில்லை, அவ்வளவுதானே என்று அவரே முடிவு கட்டிக்கொண்டு, தினமும் தண்ணீர் வாளியைத் தூக்கித் தூக்கி இறக்கினார். மேல்கை உருண்டு திரண்டது. அதைக் கண்ணாடியில் பார்த்து உச்சி குளிர்ந்துபோனார். தோள்வலி மட்டும் கழுத்துவரை ஏறியது. ஒருநாள் கத்திரியோடு தூக்கிய கை நடுவானில் நின்றுவிட, ஒரு வாத்தியாரின் வலது கிருதா இடதைவிட அரை விரல் மேலே ஏறிவிட்டது. வகுப்பில் பிள்ளைகள் கண்டுபிடித்த பிறகுதான் வாத்தியாருக்கே அது தெரிந்ததாம்.

அன்று சாயங்காலம் மனைவி பேச்சை எடுத்தாள். கடைக்குப் பின்னால்தான் வீடு. பின்கட்டு அறையில் அவள் மெத்தை தைக்கிறாள். பஞ்சு திணித்த உறையில் நீளமான ஊசியை மேலிருந்து கீழே குத்தி, முறுக்கு நூலை வெளியே இழுத்து, மெத்தையில் குழி விழும்வரை இறுக்கி முடிச்சுப் போடுவாள். அன்றும் அந்த முடிச்சுகளுக்கு நடுவில்தான் பேசினாள்.

"தோளா, வில்லா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"ரெண்டும்தான்."

"வெளையாடாதீங்க. கை தூக்கலேன்னா கடை படுத்துடும். மழைக்காலம் முடியட்டும், பாக்கலாம். அதுக்குள்ள வலி போகலேன்னா வில்லு பரணுக்குப் போயிடணும். ஏறினா எறங்காது, இப்பவே சொல்லிட்டேன்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். பயந்து சொன்னாள். அதனால் அவர் தலையை ஆட்டிவிட்டார்.

மழை பெய்தது. தெரு ஈரமாகவே இருந்தது, கடைக்குள் பவுடர் வாசனையோடு ஈரத்துணி வாசனையும் கலந்து கிடந்தது. தோள் சரியாகவில்லை. பிறகு ஒரு விடுமுறை நாள் மத்தியானம் தூறலும் நின்று, ஜன்னல் வழியாக மஞ்சள் வெயில் கடைக்குள் வந்து விழுந்தது. இரண்டு கண்ணாடிகளும் அதை மாற்றி மாற்றித் தூக்கிப்போட, அறை முழுக்கத் தேன் நிறமாகிவிட்டது. காற்றில் மிதந்த முடித்தூசுகூட அழகாக இருந்தது. கண்ணாடிக்காரர் சுழலும் நாற்காலியில் உட்கார்ந்து அந்த வெளிச்சத்தை வெறுத்துக்கொண்டிருந்தார்.

"மழை நின்னுடுச்சு" என்று அவரே சொன்னார். "எடுத்து வச்சிடு. என்னால கை தூக்க முடியாது."

பரண் கடைக்குள்தான், வாசலுக்கு மேலே இருந்தது. வாடிக்கைக்காரர்கள் பயப்படுவார்கள் என்று வில்லை அவள் கடைக்குள்ளேயே விட்டதில்லை. முதன்முறையாக இன்றுதான் அது படுக்கையறைக் கதவின் பின்னாலிருந்து இங்கே வந்தது. நாணைக்கூடக் கழற்றாமல் எடுத்து வந்திருந்தாள். முக்காலியை இழுத்துப் போட்டவள் ஏறாமல் நின்றாள்.

"இத்தனை வருஷமா இதையா கட்டிக்கிட்டு அழுதீங்க?" என்று வில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவர் நிற்பதுபோல் பக்கவாட்டில் நின்று, நாணில் மூன்று விரல்களை மாட்டினாள். இழுத்தாள்.

நாண் அவள் வாயோரத்துக்கு வந்துவிட்டது.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "விட்டுடாதே!" என்று கத்தினார். "அம்பு இல்லாம வெறுமனே விட்டா வில்லு ஒடைஞ்சிடும்!"

"அப்போ என்ன பண்ணட்டும்? சாயங்காலம் வரைக்கும் இப்படியே நிக்கவா?" உதட்டில் நாணை வைத்துக்கொண்டே பேசினாள் அந்தப் புண்ணியவதி. கை நடுங்கவில்லை. தோள் ஏறவில்லை. வாசலில் நின்று பால்காரரோடு பேசுகிற தோரணையில் நின்றுகொண்டிருந்தாள்.

அவர் பார்த்தது எதிர்க்கண்ணாடியில் தெரிந்த அவள் முதுகை. ரவிக்கைத் துணிக்குக் கீழே, தோளுக்கு அடியில் இருக்கும் இரண்டு தட்டை எலும்புகளும், கதவின் இரண்டு பலகைகள்போல, ஒன்றை நோக்கி ஒன்று மெல்ல வந்து சேர்ந்திருந்தன. கை நாணில் வெறுமனே மாட்டிக்கொண்டிருந்தது. இழுத்தது முதுகு. கண்ணாடிக்குள் அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, அவளுக்கும் பின்னால் இன்னொருத்தி, அத்தனை பேரும் அந்த மஞ்சள் வெளிச்சத்தில் நிதானமாக நாணைப் பிடித்து நின்றார்கள். அவர் கனவில் யாருக்கும் எட்டாதது அங்கே வரிசையாக எல்லோருக்கும் எட்டியிருந்தது.

"மெதுவா... இழுத்த வழியிலேயே திருப்பி விடு" என்றார். அவள் அப்படியே செய்தாள்.

பொறாமை வந்தது என்பதை மறைப்பானேன். சுருக்கென்று வந்தது. எத்தனையோ ஆயிரம் பேருக்குக் கைக்கண்ணாடி பிடித்துப் பின்மண்டையைக் காட்டியவர், தன் முதுகை ஒருநாளும் பார்த்ததில்லை. அவர் எழுந்து சட்டையைக் கழற்றிவிட்டு, வெறும் கையை வில் இழுப்பதுபோல் பின்னால் கொண்டுபோனார். வலது தோள் எழும்பிக் காதுமடலை இடித்தது. இத்தனை வருடமும் தலைகளுக்கு மேல் கையைத் தூக்கியே நின்ற தோள் அது. தூக்கிய இடமே அதற்கு வீடாகிவிட்டது. இறக்கச் சொன்னபோதெல்லாம் இருந்த இடத்திலேயே அது இருக்க, இறங்கிவிட்டதாக அவர் நம்பியிருந்தார்.

"எப்படி இழுத்தே?" என்று கேட்டார்.

"எப்படின்னா? நூலை இழுக்கிற மாதிரிதான்."

அவள் முக்காலியில் ஏறவில்லை. ஜன்னலுக்கு வெளியே சுத்தமாகத் துடைத்துவைத்திருந்த வானத்தைப் பார்த்தாள். "இன்னும் லேசா தூறுது போல இருக்கு" என்று சொல்லிவிட்டு, வில்லை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றிலிருந்து கடை மூடியதும் கண்ணாடிக்காரர் பின்கட்டுக்குப் போய் மெத்தைக்கு எதிரே உட்கார்ந்தார். ஊசி அவளுடையது, நூலை இழுப்பது மட்டும் இவர் வேலை. முதல் நாள் புதிதாகத் திரண்டிருந்த மேல்கையால் ஒரு வெட்டு வெட்டி இழுத்தார். நூல் விரலை அறுத்தது, மெத்தையில் குழி விழவில்லை.

"மல்லுக்கட்டாதீங்க. கை சும்மா கொக்கி மாதிரி இருக்கட்டும். முழங்கையை யாரோ பின்னாலேர்ந்து கூப்பிடுறாங்கன்னு நெனச்சுக்குங்க."

"யாரு கூப்பிடுறாங்க?"

"உங்க மாமியார். போங்களேன்."

"அப்போ கை போகவே போகாது" என்றார். அவள் சிரித்து, எழுந்து வந்து, அவர் முதுகின் நடுவில் ஒரு விரலை வைத்தாள். "இந்த விரலை முதுகாலயே புடிங்க, பாக்கலாம்."

முதலில் பிடிபடவில்லை. இருட்டறையில் சுவரைத் தடவி விளக்கின் பொத்தானைத் தேடுவதுபோல் தன் முதுகுக்குள்ளேயே தேடினார். தேடத் தேடத் தூக்கம் மாதிரி ஒரு மயக்கம் வந்தது. பஞ்சு வாசனை, நூல் உரசும் சத்தம், முதுகில் அந்த ஒற்றை விரலின் சூடு. எவ்வளவு காலமாயிற்று அவள் இப்படிப் பக்கத்தில் நின்று! விடுமுறை நாட்களை எல்லாம் மைதானத்துக்குக் கொடுத்துவிட்டு, வீட்டில் இருக்கிறவளுக்கு மிச்சம் மீதியைக் கொடுத்திருந்தோம் என்று தோன்றி அவருக்கு வெட்கமாக இருந்தது.

ஒரு சாயங்காலம் முழங்கை பின்னால் போனபோது தோள் தானாகக் கீழே வழுக்கியது. எங்கோ ஆழத்தில், இதுவரை வேலை செய்தே பழகாத ஒரு தசை சோம்பல் முறித்து எழுந்தது. மெத்தையில் அழகாக ஒரு குழி விழுந்தது.

அதன்பிறகு கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் வில்லுக்குப் பதிலாக ஒரு கயிற்று வளையத்தைக் கைகளில் மாட்டிக்கொண்டு இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் நின்று முதுகைப் பார்த்துக்கொண்டே இழுத்தார். ஒருமுறை அதற்கு நடுவில் வந்து நின்ற வாத்தியார், "முதல்ல என் கிருதாவை நேராக்குங்க, அப்புறம் முதுகை நேராக்கலாம்" என்றார். வாளி தூக்குவதை நிறுத்தியதில் வலி கொஞ்சம் கொஞ்சமாகக் கழுத்தை விட்டு இறங்கியது. ஆனாலும் வில்லைத் தொட அவருக்குப் பயம். கயிறு வேறு, வில் வேறு. மறுபடியும் விரல் திறந்துகொண்டால் அதோடு முடிந்தது. தெருவில் புழுதி பறக்கும் நாளில்கூட, "மழை நின்னுடுச்சா?" என்று உள்ளே குரல் கொடுப்பார். "எங்கே! தூறிக்கிட்டேதான் இருக்கு" என்று பதில் வரும்.

கடைசியில் ஒரு விடியற்காலை அவளே வில்லை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

"கெளம்புங்க. மழை நின்னுடுச்சு."

"நெசமாவா?"

"நெசமாத்தான். இன்னிக்கு நாண் வரலேன்னா பரண்தான். நானும் வர்றேன்."

மைதானத்தில் யாரும் இல்லை. புல்லின் மேல் பனி, இடுப்பளவுக்கு வெள்ளையாக மூட்டம். தண்ணீர்த் தொட்டி கால்கள் இல்லாமல் மிதந்துகொண்டிருந்தது. இலக்கு எங்கோ மங்கலாகத் தெரிந்தது. கண்ணாடிக்காரர் அம்பைப் பூட்டிவிட்டு வாயை மூடாமல் பேசினார். பனி அதிகம் என்றார், நாண் ஈரமாயிருக்கும் என்றார், தச்சர் வரட்டுமே என்றார்.

"இழுங்க" என்றாள் அவள். பின்னால் வந்து முதுகின் நடுவில் விரலை வைத்தாள்.

அவர் இழுத்தார். நாண் வந்தது. உதட்டுக்கு இரண்டு விரற்கடை தூரத்தில், வழக்கமான அந்த இடத்தில், விரல்கள் திறந்துகொள்ளத் துடித்தன. பிடரியில் வேர்த்தது. கையை மறந்தார். முழங்கை பனிக்குள் பின்னோக்கிப் போயிற்று. தோள் இறங்கியது. ஈரமாக, குளிர்ச்சியாக ஏதோ ஒன்று அவர் வாயோரத்தைத் தொட்டது. தொட்டதும் தண்ணீர்த் தொட்டியும் பறவைச் சத்தமும் சற்றுத் தள்ளிப்போய் நின்றுகொண்டன.

"வந்துடுச்சா?" என்றாள் அவள்.

வாயைத் திறந்தால் நாண் நகர்ந்துவிடும். வாழ்நாள் எல்லாம் வாயால் பிழைத்த மனிதர், முதுகின் இரண்டு எலும்புகளையும் ஒன்றை நோக்கி ஒன்று மெல்லக் கொண்டுவந்து, அவள் விரலை இறுகப் பற்றிக்கொண்டார்.

"விரல் வலிக்குதுங்க" என்றாள், விரலை எடுக்காமல்.